வட்டி குறைகிற நேரத்தில் ஓய்வு பெறும் அப்பா: 60 லட்சத்தை எங்கே, எத்தனை வருஷத்துக்குப் போடுவது?

கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். கோவையில் ஒரு தனியார் பம்ப் தயாரிப்பு நிறுவனத்தில் வேலை பார்த்த அப்பா 58 வயதில் ஓய்வு பெறுகிறார். பி.எஃப்., பணிக்கொடை, விடுப்புச் சம்பளம் எல்லாம் சேர்த்து 60 லட்சம் கைக்கு வரும். சொந்த வீடு, மாதச் செலவு 35,000, பி.எஃப். பென்ஷன் 7,000 வரலாம். ரிசர்வ் வங்கி வட்டியைக் குறைத்துக்கொண்டே வருவதால், இன்னும் குறைவதற்குள் மொத்தத்தையும் ஐந்து வருஷ டெபாசிட்டில் பூட்டிவிடலாமா, இல்லை விலைவாசிக்குப் பயந்து மியூச்சுவல் ஃபண்டில் போடலாமா என்று மகன் கேட்கிறார்.

முப்பது வருஷத்துக்கு மேல் வங்கியில் வேலை பார்த்தவன் நான். அதில் பாதிக்கு மேல் டெபாசிட் பிரிவில். இதே கேள்வியோடு கவுண்டருக்கு வந்தவர்களை எத்தனையோ பேரைப் பார்த்திருக்கிறேன், அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

எங்கள் வீட்டுக் கதையிலிருந்தே தொடங்குகிறேன். என் அப்பா ஓய்வு பெற்றது 1999. அப்போது அஞ்சலக மாத வருமானத் திட்டத்துக்கு வட்டி 12 சதவீதம், ஆறு வருஷத் திட்டம், முடிவில் 10 சதவீதம் போனஸ் வேறு. அம்மாவையும் சேர்த்துக் கூட்டுக் கணக்கில் மூன்று லட்சம் போட்டார். மாதம் 3,000 ரூபாய், தேதி தவறாது. தபால் ஆபீஸிலிருந்து வந்ததும் ஒரு நீல அட்டை நோட்டில் ஒரு பக்கம் வரவு, எதிர்ப்பக்கம் பால், அரிசி, கரண்ட், மருந்து என்று எழுதுவார். 2005ல் அந்தக் கணக்கு முதிர்ந்தபோது அதே திட்டத்தின் வட்டி 8 சதவீதம்தான். அதே மூன்று லட்சத்தைத் திரும்பப் போட்டால் மாதம் 2,000. ஆறு வருஷத்தில் வலதுபக்கம் எல்லாமே ஏறியிருக்கிறது, இடதுபக்கம் மட்டும் மூன்றில் ஒரு பங்கு போய்விட்டது. அந்த மாதப் பக்கத்தில் 2,000 என்று எழுதி, பக்கத்திலேயே பழைய 3,000ஐயும் சின்னதாக எழுதி வைத்திருந்தார். நோட்டு இன்னும் என்னிடம் இருக்கிறது.

அப்பா தப்பான திட்டத்தில் போடவில்லை, அன்றைக்கு அதைவிடப் பத்திரமான இடமே கிடையாது. மொத்தப் பணமும் ஒரே தேதியில் போய் ஒரே தேதியில் திரும்பி வந்ததுதான் பிரச்சினை. அது திரும்பி வந்த வருஷம் வட்டி குறைந்திருந்த வருஷமாகப் போய்விட்டது. யார் வேண்டுமானாலும் போடக்கூடிய அரசின் நீண்ட காலச் சேமிப்பான பி.பி.எஃப். வட்டியும் இதே பாதையில்தான் இறங்கியது. 2000 ஜனவரி வரை 12, அப்புறம் 11, 9.5, 9 என்று இறங்கி 2003 மார்ச்சில் 8. மூன்று வருஷத்தில் நான்கு சதவீதம். அப்படி நடக்கும் என்று 1999ல் யாரும் எங்களிடம் சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும் நம்பியிருக்க மாட்டோம், ஏனென்றால் 12 சதவீதம் என்பது அதற்கு முன் பல வருஷமாகப் பார்த்துப் பழகிய எண்.

சரி, உங்கள் அப்பா கணக்குக்கு வருவோம். செலவு 35,000, பென்ஷன் 7,000, ஆக மாதம் 28,000 சேமிப்பிலிருந்து வேண்டும், வருஷத்துக்கு 3,36,000. 60 லட்சத்துக்கு 7 சதவீத வட்டி என்றால் 4,20,000 வருகிறது. முதல் வருஷம் 84,000 மிச்சம். இதைப் பார்த்து எல்லோரும் நிம்மதியாகிவிடுகிறார்கள், அங்கேதான் ஏமாறுகிறார்கள். இந்த 3,36,000 வருஷத்துக்கு 5.5 சதவீதம் ஏறுகிறது, மிச்சமாவது அசலோடு சேர்கிறது என்று வைத்துப் போட்டுப் பாருங்கள். ஆறாவது வருஷம் வட்டியும் செலவும் சமமாகிவிடும், ஏழாவது வருஷத்திலிருந்து அசல் கரையத் தொடங்கும், 22 வருஷவாக்கில் பணமே தீர்ந்துவிடும். அப்பாவுக்கு அப்போது 80 வயது. இத்தனைக்கும் 7 சதவீதம் கடைசிவரை கிடைக்கும் என்று வைத்துப் போட்ட கணக்கு இது.

பென்ஷனையும் கவனியுங்கள். அரசு ஊழியராக இருந்து பழைய ஓய்வூதியம் வாங்குகிறவருக்கு விலைவாசிக் குறியீட்டை ஒட்டி வருஷத்துக்கு இரண்டு முறை அகவிலைப்படி ஏறும், அவர் பணவீக்கத்தைப் பற்றிக் கவலைப்படத் தேவையில்லை. தனியார் ஊழியருக்கான இபிஎஸ் பென்ஷனில், அதாவது உங்கள் அப்பாவுக்கு வரப்போகிற பி.எஃப். பென்ஷனில், அந்த ஏற்பாடே இல்லை. 15,000 ரூபாய் சம்பள உச்சவரம்பை வைத்துக் கணக்கிடுகிறார்கள், கிடைக்கிற 7,000 பத்து வருஷம் கழித்தும் 7,000தான். அதன் குறைந்தபட்சத் தொகையான 1,000 ரூபாயே 2014 செப்டம்பரிலிருந்து மாறவில்லை. அதனால் மேலே நான் போட்ட கணக்கு கூட கொஞ்சம் தாராளமானதுதான், பென்ஷன் ஏறாது என்பதால் உண்மையில் பணம் இன்னும் சீக்கிரமே கரையும்.

பணவீக்கம் என்பது சீராக வருஷத்துக்கு ஐந்து ஐந்தாக ஏறுகிற பொருளும் இல்லை. ஆவின் பாலையே எடுத்துக்கொள்ளுங்கள். சமன்படுத்திய பால் அட்டை விலை லிட்டர் 17.75 ஆக இருந்தது, 2011 நவம்பரில் ஒரே நாளில் 24 ஆனது, 2014 நவம்பரில் 34 ஆனது. மூன்று வருஷத்தில் ஏறக்குறைய இரண்டு மடங்கு. அப்புறம் ஐந்து வருஷம் அசையவில்லை, 2021 மே மாதம் லிட்டருக்கு 3 ரூபாய் குறைத்ததும் உண்டு. இப்படித்தான், பல வருஷம் சும்மா இருந்துவிட்டு திடீரென்று மேலே விழும். நாடு முழுக்கப் பார்த்தாலும் அதே கதைதான். 2022 ஏப்ரலில் சில்லறைப் பணவீக்கம் 7.79 சதவீதம், 2025 அக்டோபரில் 0.25 சதவீதம். இந்த 0.25ஐப் பார்த்து விலைவாசிப் பிரச்சினை ஒழிந்தது என்று நினைத்து முப்பது வருஷத் திட்டம் போட்டால் நஷ்டம் நமக்குத்தான்.

அரசு சொல்கிற எண் உங்கள் வீட்டு எண்ணும் கிடையாது. 2012ஐ அடிப்படை ஆண்டாக வைத்து நெடுங்காலம் புழங்கிய விலைவாசிக் கூடையில், அதாவது பணவீக்கத்தைக் கணக்கிட எடுத்துக்கொள்ளும் செலவுப் பட்டியலில், உணவுக்கு ஏறத்தாழ 46 சதவீதப் பங்கு, மருத்துவத்துக்கு 6 சதவீதம் கூட இல்லை. எழுபது வயதுக்காரர் வீட்டு நோட்டைப் புரட்டினால் மருந்து, ஸ்கேன், காப்பீட்டு பிரீமியம் இதற்கே நாலில் ஒரு பங்கு போய்க்கொண்டிருக்கும். தக்காளி விலை குறைந்தால் பணவீக்கம் குறைந்துவிடும், ஆனால் மூட்டு வலி டாக்டரின் ஃபீஸ் குறையாது. நான் கணக்குப் போடும்போது பொதுச் செலவுக்கு 5.5 அல்லது 6 வைத்துக்கொள்வேன், மருத்துவத்துக்குத் தனியாக ஒரு தொகையே ஒதுக்கிவிடுவேன். 6 சதவீதத்தில் பன்னிரண்டு வருஷத்துக்கு ஒருமுறை செலவு இரட்டிக்கும். இன்றைய 35,000 அப்பாவின் 70 வயதில் 70,000, 82 வயதில் 1,40,000. இந்த மூன்று எண்களையும் ஒரு தாளில் எழுதி வீட்டில் எல்லோரும் ஒருமுறை பாருங்கள்.

இப்போது வட்டி. ரிசர்வ் வங்கி பணவீக்கத்தை 4 சதவீதத்தில் வைக்க வேண்டும், இரண்டு பக்கமும் 2 சதவீதம் வரை விலகலாம் என்பது 2016லிருந்து இருக்கிற ஏற்பாடு. பணவீக்கம் ஏறினால் ரெப்போவை, அதாவது வங்கிகளுக்குத் தான் கொடுக்கிற கடனுக்கான வட்டியை, ஏற்றும், இறங்கினால் இறக்கும். கேட்க நன்றாக இருக்கிறது, விலைவாசி ஏறினால் டெபாசிட் வட்டியும் ஏறிவிடுமே என்று தோன்றும். நடைமுறையில் இரண்டும் கைகோத்துப் போவதில்லை. கொரோனா வந்ததும் தொழிலைக் காப்பாற்ற வேண்டும் என்று 2020 மே மாதம் ரெப்போவை 4 சதவீதத்துக்கு இறக்கினார்கள், 2022 மே வரை அங்கேயே வைத்திருந்தார்கள். அந்தச் சமயத்தில் பெரிய பொதுத்துறை வங்கியிலேயே நீண்ட கால டெபாசிட்டுக்கு 5.4 சதவீதம்தான், மூத்த குடிமக்களுக்குக் கொஞ்சம் கூடுதல். பணவீக்கமோ 2020-21ல் சராசரி 6.2, அடுத்த வருஷம் 5.5, அதற்கடுத்த வருஷம் 6.7. அதாவது வட்டி வாங்கிக்கொண்டே முதியவர்கள் ஏழையாகிக்கொண்டிருந்தார்கள். பாஸ்புக்கில் தொகை ஏறுவதால் அது கண்ணுக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான். அப்புறம் மளமளவென்று ஏற்றி 2023 பிப்ரவரியில் 6.5க்குக் கொண்டுபோனார்கள், இரண்டு வருஷம் வைத்திருந்தார்கள், 2025 பிப்ரவரியில் குறைக்க ஆரம்பித்து ஜூனில் 5.5, டிசம்பரில் 5.25. அடுத்தது என்ன என்று எனக்கு யாராவது உறுதியாகச் சொன்னால் அவர்களிடம் எச்சரிக்கையாக இருப்பேன்.

வட்டி குறைந்த காலத்தில் இன்னொரு ஆபத்தும் உண்டு, அதை நான் ரொம்பக் கவலையோடு சொல்கிறேன். 5.4 சதவீதம் போதாமல் போகும்போது மனசு 9, 10, 12 என்று தேடும். 2020 மார்ச்சில் யெஸ் வங்கியின் ஏடி-1 கடன் பத்திரங்கள் (வங்கி நொடித்தால் அசலே போகக்கூடிய, வட்டி கூடுதலான பத்திரங்கள்) 8,400 கோடி ரூபாய்க்கு மேல் அப்படியே தள்ளுபடி செய்யப்பட்டன, அதை வாங்கி வைத்திருந்தவர்களில் டெபாசிட் மாதிரிதான் என்று நம்பிய முதியவர்களும் இருந்தார்கள். அடுத்த மாதமே மியூச்சுவல் ஃபண்ட் நிறுவனமான ஃபிராங்க்ளின் டெம்பிள்டன், கடன் பத்திரங்களில் பணம் போடும் தன் ஆறு ஃபண்டுகளை மூடியது. பணம் பின்னால் திரும்பி வந்தது என்றாலும் மாதாமாதம் அதை நம்பியிருந்தவர் அந்த இடைவெளியில் என்ன செய்வார்? நம் ஊர் நகைக் கடைச் சீட்டு, ஃபைனான்ஸ் கம்பெனி விஷயம் உங்களுக்கே தெரியும். வங்கி டெபாசிட்டிலும் ஒருவருக்கு ஒரு வங்கியில் அசலும் வட்டியும் சேர்த்து 5 லட்சம் வரைதான் காப்பீடு இருக்கிறது, அரை சதவீதம் கூடுதலாகக் கிடைக்கிறது என்று ஒரு சின்ன வங்கியில் இருபது லட்சத்தைக் கொண்டுபோய்க் கொட்ட வேண்டாம்.

அப்படியானால் என்ன செய்வது? வட்டி எங்கே போகும் என்று ஊகிப்பதை விட்டுவிட்டு, எந்த ரூபாய் எந்த வருஷம் செலவாகப் போகிறது என்று பிரியுங்கள். நானாக இருந்தால் இப்படிப் பிரிப்பேன்.

மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டம்தான் முதல் கல். 2023 ஏப்ரலிலிருந்து வட்டி 8.2, உச்சவரம்பு 30 லட்சம், ஐந்து வருஷத்துக்கு அந்த வட்டி மாறாது, நடுவில் ரெப்போ எங்கே போனாலும். 60 வயது ஆகாவிட்டாலும் 55 தாண்டி ஓய்வு பெற்றவர் சேரலாம், ஆனால் ஓய்வுப் பணம் கைக்கு வந்த மூன்று மாதத்துக்குள் போட்டுவிட வேண்டும், அதைத் தவறவிட்டால் 60 வரை காத்திருக்க வேண்டும். இதில் 20 லட்சம் இப்போது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை 41,000 வரும். மீதி 10 லட்சத்தை இரண்டு வருஷ டெபாசிட்டில் வைத்து, அப்பாவுக்கு 60 ஆனதும் அதே திட்டத்தில் போடுங்கள். இரண்டு வருஷம் கழித்து 8.2 இல்லாமல் 7.5 ஆகியிருக்கலாமே, ஏன் முப்பதையும் இப்போதே போடக் கூடாது என்று கேட்பீர்கள். போடலாம், தப்பில்லை. ஆனால் என் அப்பாவின் நீல நோட்டைப் பார்த்தவன் என்பதால் ஒரே நாளில் 30 லட்சம் முதிர்வதை நான் விரும்ப மாட்டேன், எதிர்காலத்தில் வட்டி ஏறியிருக்கவும் சமமாக வாய்ப்பு உண்டு. 2020 ஏப்ரலுக்குப் பிறகு சேர்ந்தவர்கள் 7.4ல் மாட்டிக்கொண்டு, 2023ல் பக்கத்து வீட்டுக்காரர் 8.2 வாங்குவதைப் பார்த்தார்கள்.

ஒரு சின்ன விஷயம், அரசு சேமிப்புத் திட்டங்களின் வட்டி பற்றியது. காலாண்டுக்கு ஒருமுறை அறிவிப்பார்கள், அரசுப் பத்திரங்களின் சந்தை வட்டியை ஒட்டி என்று பேச்சு, ஆனால் அரசியலும் உள்ளே இருக்கிறது. 2021 மார்ச் 31 மாலை பி.பி.எஃப். 7.1லிருந்து 6.4, மூத்த குடிமக்கள் திட்டம் 7.4லிருந்து 6.5 என்று அறிவித்துவிட்டு, மறுநாள் காலையில் தவறுதலாக வந்த உத்தரவு என்று திரும்பப் பெற்றார்கள். தமிழ்நாட்டில் அந்த ஏப்ரல் 6ல் சட்டமன்றத் தேர்தல் வாக்குப்பதிவு இருந்தது. பி.பி.எஃப். வட்டி 2020 ஏப்ரலிலிருந்து 7.1லேயே நிற்கிறது. இதையெல்லாம் நம்மால் கணிக்க முடியாது.

அடுத்து 12 லட்சத்தை ஐந்து பங்காக்கி ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு, ஐந்து வருஷ டெபாசிட்டுகள், இரண்டு மூன்று நல்ல வங்கிகளில். வருஷத்துக்கு ஒன்று முதிரும், தேவைக்கு எடுத்தது போக மிச்சத்தை மறுபடி ஐந்து வருஷத்துக்குப் போடுங்கள். வட்டி ஏறினாலும் இறங்கினாலும் வருஷத்துக்கு ஒரு பங்குதான் பாதிக்கப்படும். 3 லட்சம் சேமிப்புக் கணக்கிலோ உடனே உடைக்கக்கூடிய டெபாசிட்டிலோ, ஆஸ்பத்திரிக்கென்று. உடல்நலக் காப்பீடு தனி, கம்பெனி காப்பீடு ஓய்வோடு போய்விடும் என்பதால் இப்போதே எடுங்கள், தனிநபர் பாலிசிக்கு 2025 செப்டம்பர் 22 முதல் ஜிஎஸ்டி இல்லை.

மீதி 15 லட்சம் பங்குச் சந்தை சார்ந்த ஃபண்டில், சந்தைக் குறியீட்டில் உள்ள பங்குகளையே அப்படியே வாங்கி வைக்கிற இன்டெக்ஸ் ஃபண்டே போதும், ஒன்றரை இரண்டு வருஷத்தில் மாதாமாதம் பிரித்துப் போடுங்கள். இங்கேதான் பயம் வரும், வர வேண்டியதும்தான். 2008 ஜனவரியில் 21,000ல் இருந்த மும்பைப் பங்குச் சந்தைக் குறியீடான சென்செக்ஸ் அக்டோபரில் 8,000க்கும் கீழே தொட்டது. அந்த ஜனவரியில் ஓய்வு பெற்று எல்லாப் பணத்தையும் பங்கில் வைத்து மாதாமாதம் விற்றுச் சாப்பிட்டவர் மீண்டு எழவே முடியாது, ஏனென்றால் பாதி விலைக்கு விற்ற யூனிட், அதாவது ஃபண்டில் அவருக்கு இருந்த பங்கு, திரும்பி வராது. விற்காமல் இருந்தவருக்கு 2010 நவம்பரில் பழைய 21,000 வந்தது. 2020ல் ஜனவரியில் 42,000, மார்ச் 23ல் 26,000, நவம்பரில் மறுபடி 43,000க்கு மேல். ஆக, பங்கில் இருக்கிற பணத்தை ஏழு வருஷம் தொட வேண்டிய கட்டாயம் இல்லாதபடி மற்றவற்றை அமைத்தால்தான் அது நமக்கு வேலை செய்யும். மேலே சொன்ன பிரிப்பில் வட்டி மட்டும் வருஷத்துக்குச் சுமார் 3,15,000 வரும், துண்டு விழுகிற இருபதாயிரத்துக்கு முதிர்கிற டெபாசிட் இருக்கிறது. 15 லட்சத்தைச் சும்மா விடலாம். பின்னாளில் அசல் கரையத் தொடங்கும்போது அது கைகொடுக்கும்.

வருமான வரி பற்றி இப்போது பெரிய கவலை வேண்டாம். புதிய முறையில் 12 லட்சம் வரை வருமானத்துக்கு வரி இல்லை என்பதால் வட்டி முழுசாகக் கைக்கு வரும். ஆயுள் முழுக்க வருமானம் தரும் ஆன்யுட்டி பாலிசியை யாராவது கொண்டுவந்தால், வாங்குகிற நாளின் வட்டியை அது சாகும்வரை பூட்டிவிடும், விலைவாசிக்கு ஏறாது என்பதை நினைவில் வையுங்கள். வட்டி குறைந்த நேரத்தில் 58 வயதில் அது வேண்டாம். வயது கூடக்கூட அதே பணத்துக்கு அதிகம் தருவார்கள், 70ல் யோசிக்கலாம்.

கடைசியாக உங்களைப் பற்றி. 40 லட்சம் வீட்டுக் கடன் இருக்கிறது என்று எழுதியிருந்தீர்கள். 2019 அக்டோபருக்குப் பிறகு வங்கியில் வாங்கிய மாறும் வட்டிக் கடன் என்றால் பெரும்பாலும் ரெப்போவோடு இணைந்திருக்கும். 20 வருஷக் கடனில் வட்டி 8.5லிருந்து 7.5க்கு வந்தால் இ.எம்.ஐ. சுமார் 34,700லிருந்து 32,200 ஆகும். வங்கி பெரும்பாலும் இ.எம்.ஐ.யைக் குறைக்காமல் காலத்தைக் குறைத்துவிடும், நீங்கள் கேட்டு மாற்றலாம். அப்பாவின் வட்டி எந்தக் காரணத்தால் குறைகிறதோ அதே காரணத்தால் உங்களுக்கு மாதம் 2,500 மிச்சமாகிறது. அதில் கொஞ்சம் அப்பாவின் காப்பீட்டு பிரீமியத்துக்குப் போகட்டும். உங்கள் சொந்த ஓய்வுக்கால சேமிப்புக்குக் கணக்கே தலைகீழ், உங்களுக்கு இன்னும் இருபத்தைந்து வருஷம் இருக்கிறது, சந்தை விழுந்தால் அதே பணத்துக்கு அதிக யூனிட் வாங்குவீர்கள். பி.எஃப். வட்டி 8.25, அதை வேலை மாறும்போதெல்லாம் எடுத்துச் செலவழிக்காமல் இருந்தாலே பாதி வேலை முடிந்தது.

அம்மாவின் வயதை நீங்கள் எழுதவில்லை. அவர் அப்பாவைவிட ஐந்தாறு வயது சின்னவர் என்றால் பணம் அப்பாவின் 80ஐத் தாண்டுவது மட்டும் போதாது, அம்மாவின் 85, 90 வரை வர வேண்டும், அப்பாவுக்குப் பிறகு இபிஎஸ் பென்ஷனில் பாதிதான் அவருக்கு வரும். வயதைச் சொல்லுங்கள், பங்கில் 15 லட்சம் போதுமா என்று மறுபடி கணக்குப் போட்டுச் சொல்கிறேன். அதற்குள் எல்லாக் கணக்கிலும் அம்மாவின் பெயரைக் கூட்டாகவோ நாமினியாகவோ சேர்த்துவிடுங்கள்.